ஆலம்பாடி மாடு எங்கே போயிற்று?

தர்மபுரி நகரில் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் நடுகற்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பலகை போன்ற கல். அதில் ஒரு வீரன். கையில் வில்லோ வாளோ இருக்கும். தர்மபுரி, செங்கம் வட்டாரங்களில் இத்தகைய கற்களை ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நட்டு வந்திருக்கிறார்கள். இவற்றில் பல, போர்க்களத்தில் நாடு பிடிக்கச் செத்தவர்களுக்காக நட்டவை அல்ல. ஊர் மாட்டு மந்தையைப் பிறர் ஓட்டிச் சென்றபோது அதை மீட்கப் போய் உயிர்விட்ட சாதாரண ஊர்க்காரர்களுக்காக நட்டவை. மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் உள்ள சொல் 'தொறு'.

உயிரைக் கொடுத்து மாட்டைக் காத்த ஊர் இது. சரி, இப்போது அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வாருங்கள். அதிகாலையில் ஏதாவது ஒரு கிராமத்துப் பால் சொசைட்டிக்குப் போய், அங்கே பால் ஊற்ற வருபவர்களின் வீட்டுக் கொட்டிலை எட்டிப் பாருங்கள். மான் நிறத்தில் ஜெர்சிக் கலப்பு. கறுப்பும் வெள்ளையுமாக ஹோல்ஸ்டீன் கலப்பு. திமில் இல்லை அல்லது பெயருக்கு ஒரு மேடு. இவற்றின் பாட்டன் பாட்டிகளில் பாதிப் பேர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்.

இந்த மண்ணுக்கே உரிய மாடு ஒன்று இருந்ததே, அது எங்கே?

அதன் பெயர் ஆலம்பாடி.

ஊர் அக்கரையில், மாடு இருகரையிலும்

ஒகேனக்கல்லில் நின்று காவிரிக்கு அக்கரையைப் பார்த்தால் தெரிவது கர்நாடகம். ஆலம்பாடி என்னும் கிராமம் அந்தக் கரையில் இருக்கிறது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமையும்வரை அந்தக் கொள்ளேகால் வட்டம் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். எல்லைக்கோடு பிறகு வந்தது. மாடுகளுக்கு அந்தக் கோடு தெரியாது. பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலும் அக்கரைக் காடுகளிலும் ஒரே இனம்தான் மேய்ந்தது. சேலம் மாடு, மகாதேசுவர பெட்ட மாடு என்று வேறு பெயர்களும் அதற்கு உண்டு.

பார்க்க எப்படி இருக்கும்? கருஞ்சாம்பல் நிறம், சிலவற்றில் கறுப்பாகவே தோன்றும். நெற்றியிலும் கால்களிலும் வாலிலும் வெள்ளைத் திட்டுகள். புடைத்த நெற்றி. அதன் உச்சியில் இரு கொம்புகளும் நெருங்கி முளைத்துப் பின்னோக்கிச் சாய்ந்து நீளும். மைசூர்ப் பக்கத்து ஹள்ளிகார் மாட்டைப் பார்த்தவர்கள் 'அதேதானே?' என்பார்கள். நெருங்கிய உறவுதான்.

1936இல் லிட்டில்வுட் என்பவர் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூலில் ஆலம்பாடிக்கு இடம் தந்திருக்கிறார். 1953இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான் திமில் மாடுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டது. அதிலும் ஆலம்பாடி உண்டு. உலகம் அறிந்த மாடுதான்.

பாலுக்கு அல்ல, உழைப்புக்கு. கன்று குடித்தது போக மிஞ்சுவது வீட்டுக்கு ஒரு செம்பு இருந்தால் அதிகம். ஆனால் காளைகளைப் பாருங்கள்! கல் நிறைந்த மேட்டு நிலத்தில் ஏர் இழுக்க, பாரவண்டி இழுக்க, கிணற்றில் கவலை இறைக்க அவற்றுக்கு இணை குறைவு. கவலை என்றால் மனக்கவலை அல்ல! இரண்டு மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து பறி நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னாலேயே நடந்து மேலே ஏறும்; மறுபடி இறங்கும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. உங்கள் தாத்தாவைக் கேட்டால் கவலைப் பாட்டும் சேர்த்துச் சொல்லுவார்.

இனம் என்பது யார் செய்தது?

மாட்டைக் கடவுளோ இயற்கையோ படைத்தது என்று வைத்துக்கொண்டாலும், மாட்டு 'இனம்' என்பதை மனிதன்தான் செய்தான். நம் திமில் மாடுகளின் முன்னோரான காட்டு மாடுகளைச் சிந்து சமவெளிக்கு மேற்கே, மெகர்கர் போன்ற இடங்களில் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் பழக்கினார்கள். அந்தக் காட்டு மாடு இப்போது உலகில் எங்குமே இல்லை. ஐரோப்பாவில் இருந்த அதன் கடைசி உறவுப் பசு 1627இல் போலந்து நாட்டுக் காட்டில் செத்தது. ஆகவே காட்டிலிருந்து மறுபடி ஒரு மாட்டைப் பிடித்து வந்து முதலிலிருந்து தொடங்க முடியாது. மாட்டின் மரபு முழுவதும் இன்று மனிதர்கள் வளர்க்கும் மந்தைகளுக்குள்ளேதான் இருக்கிறது.

இனம் உருவாவது எப்படி? மாடு வளர்ப்பவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முடிவு எடுக்கிறார். பிறந்த காளைக்கன்றுகளில் எதைப் பொலிகாளையாக விடுவது? எதைக் காயடித்து வண்டிக்கு விற்பது? கால் உறுதியாக இருக்கிறதா, குளம்பு கறுப்பா, தாய்ப்பசு வறட்சியில் தாங்கினாளா, ஆண்டு தவறாமல் ஈன்றாளா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார். புத்தகத்தில் எழுதி வைப்பதில்லை. ஆனால் அவருக்கு ஒவ்வொரு பசுவின் தாயும் பாட்டியும் தெரியும். அந்த நினைவுதான் அவருடைய இனவிருத்திப் பதிவேடு.

இன்னொரு தேர்வாளரும் உண்டு. அது காடு. தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். அதுவும் சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். மாசி, பங்குனியில் புல் காய்ந்துபோகும். உசிலை, ஆச்சா மரங்களின் தழையும் சருகுமே தீனி. அந்தத் தீனியைத் தின்று, நெடுந்தொலைவு நடந்து நீர் குடித்துத் திரும்ப முடியாத மாடு அடுத்த மழையைப் பார்க்காது. மனிதனும் காடும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக வடிகட்டி எடுத்ததுதான் ஆலம்பாடி.

இந்த வடிகட்டலின் பலனை மாட்டின் உடம்பிலேயே காணலாம். திமில் மாட்டின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் ஐரோப்பிய மாட்டைவிடப் பெரியவை, நெருக்கமானவை. மயிர் குட்டை, பளபளப்பு. உடம்புக்குள் உண்டாகும் வெப்பமும் குறைவு. நாளொன்றுக்கு 20 லிட்டர் பால் சுரக்கும் மாட்டின் உடல் ஓர் உலைக்களம் மாதிரி. நிறையத் தின்ன வேண்டும். செரிக்கும்போது நிறைய வெப்பம் வெளியாகும். சித்திரை வெயிலில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் நாட்டு மாடு நிழல்கூடத் தேடாமல் அசை போடும். உண்ணிகளையும் திமில் மாடு நன்றாகத் தாங்கும்.

(இடையில் ஒரு வார்த்தை. நாட்டு மாட்டின் பால் பல நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்து கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அதற்கு உறுதியான விஞ்ஞானச் சான்று போதவில்லை. நாட்டு மாட்டின் பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.)

பட்டியில் ஓர் ஆண்டு

இந்த மாடுகளை எப்படி வளர்த்தார்கள்? வீட்டுக் கொட்டிலில் கட்டிப்போட்டு அல்ல. காட்டோரக் கிராமங்களில் மாடுகளைச் சேர்த்து, காட்டுக்குள் 'பட்டி' போடுவார்கள். முள்ளை வெட்டிச் சுற்றிலும் வேலி. உள்ளே ஐம்பதோ நூறோ மாடுகள். கன்றுகளுக்குத் தனி அடைப்பு. இல்லாவிட்டால் சிறுத்தை சும்மா விடுமா? பகலில் மேய்ச்சல், இரவில் பட்டி. புல் தீர்ந்தால், நீர் வற்றினால் பட்டியும் இடம் மாறும்.

இந்த முறையை இன்றும் நன்றாகக் காணக்கூடிய இடம் பக்கத்து ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பர்கூர் என்று நினைத்துவிடாதீர்கள். இது அந்தியூருக்கு மேலே உள்ள மலை. அங்குள்ள பர்கூர் மாடு செம்பழுப்பு நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும், முரட்டுக் குணம், ஓட்டத்துக்குப் பெயர் பெற்றது. ஆலம்பாடியின் அண்டை வீட்டுக்காரர் எனலாம். மலையில் வாழும் கன்னடம் பேசும் லிங்காயத்து மக்களே இதைப் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையில் இந்தக் காளைகளைப் பார்க்கலாம்.

பட்டிக்காரருக்கு வருமானம் எதிலிருந்து? காளைக்கன்று விற்பது ஒன்று. மற்றொன்று சாணம்! ஒரு நாட்டு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொண்டால், நூறு மாட்டுப் பட்டியில் ஒரு டன். அதில் பாதி இரவில் பட்டிக்குள் விழுகிறது. அதைக் குவித்துச் சமவெளி விவசாயிகளுக்கு விற்பார்கள். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாட்டுக்காரர்களிடம் இதே வேலை இன்னும் நேராக நடக்கிறது. கீதாரி தன் மந்தையை அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போடுவார். சாணமும் மூத்திரமும் வயலிலேயே விழும். நிலக்காரர் அதற்குப் பணமோ தானியமோ தருவார். லாரியும் வேண்டாம், கூலியாளும் வேண்டாம். உரம் நாலு காலில் நடந்து வருகிறது.

இத்தனைக்கும் இந்த மாடுகளுக்குப் பருத்திக் கொட்டை, புண்ணாக்கு என்று எதுவும் வாங்கிப் போடுவதில்லை. மனிதன் தின்ன முடியாத சருகையும் முட்செடியையும் உழைப்பாகவும் உரமாகவும் மாற்றித் தருகின்றன. அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு என்று படித்திருப்பீர்கள். அவற்றில் முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து, நாரைச் சிதைத்துக் கொடுக்கின்றன. மாட்டுக்காரர் வளர்ப்பது மாட்டை மட்டும் அல்ல, இந்த நுண்ணுயிர்ப் பண்ணையையும்தான்!

காட்டுக்கு நல்லதா, கெட்டதா?

இங்கேதான் பெரிய வழக்கு இருக்கிறது. காட்டில் மாடு மேய்ந்தால் காடு அழியும் என்பது ஒரு கட்சி. மாடு மேய்வதால்தான் காடு பிழைக்கிறது என்பது மறு கட்சி. இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி.

மாடு வெள்வேல் காயைத் தின்கிறது. கெட்டியான விதை வயிற்று வழியே வரும்போது அதன் தோல் மென்மையாகிறது. சாணத்தோடு வேறோர் இடத்தில் விழுகிறது. மழை பெய்தால் முளைக்கிறது. காய்ந்த புல்லை மாடு மேய்ந்துவிட்டால், கோடையில் தீப்பிடித்தாலும் எரிவதற்குச் சரக்கு குறைவு. சாணத்தை நம்பிச் சாணவண்டு. வண்டை நம்பிப் பறவை. நாள்தோறும் காட்டில் நடக்கும் மேய்ப்பர், எங்கே புகை தெரிகிறது, எந்த ஓடை வற்றிவிட்டது, யானை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதை எல்லோருக்கும் முன்னால் அறிகிறார்.

ஆனால் அதே மாடுதான் சீமைக்கருவேல் விதையையும் பரப்புகிறது. மாடுகள் அளவுக்கு மிஞ்சினால் இளங்கன்றுகள் மிதிபடும். புல் தின்னும் மான்களுக்கும் காட்டெருதுகளுக்கும் பங்கு குறையும். மாடு தின்னாத உண்ணிச்செடி மட்டும் செழிக்கும். நோய் இன்னும் பெரிய ஆபத்து. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டெருதுகள் ஏராளமாக மடிந்தன. அது கால்நடைகளுக்கும் பொதுவான நோய். (தடுப்பூசியின் வெற்றியால் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கோமாரி இருக்கிறது.) பந்திப்பூர்ப் பக்கத்தில், காப்பித் தோட்டங்களுக்குச் சாணம் விற்பது லாபமானபோது, சாணத்துக்காகவே மாடுகளின் எண்ணிக்கை பெருகியதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். காட்டின் சத்து லாரியில் ஏறி வெளியே போனால் காட்டுக்கு நஷ்டம்தானே?

ஆகவே 'மாடு நல்லதா கெட்டதா' என்ற கேள்வியே அரைகுறையானது. எத்தனை மாடு, எந்த மாதம், எந்த இடம், எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். இடம் மாற்றி மாற்றிப் பட்டி போட்ட பழைய முறையில் இதற்குக் கொஞ்சம் விடை இருந்தது. ஓர் இடத்தில் மேய்ந்தால் இன்னோர் இடம் ஓய்வெடுக்கும். சுற்றிவர இடம் குறைந்து, எல்லோரும் ஒரே ஓரத்தில் மேய்க்கும்போதுதான் அந்த ஓரம் மொட்டையாகிறது.

எப்படிக் குறைந்தது?

ஒரே அடியில் அல்ல. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, காவிரியோரத்துக் கிராமங்களும் நிலங்களும் நீருக்குள் போயின. பிறகு கிணறுகளுக்கு மின்சாரப் பம்பு வந்தது. கவலை மாடுகளுக்கு வேலை போயிற்று. டிராக்டர் வந்தது, ஏர் மாடு போயிற்று. லாரி வந்தது, வண்டி மாடு போயிற்று. உழைப்புக்கென்றே உருவாக்கிய மாட்டுக்கு உழைப்பு இல்லாமல் போனால் அதை யார் வாங்குவார்கள்?

இதே காலத்தில்தான் பாலுக்குக் கிராக்கி பெருகியது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. சினை ஊசி கிராமம் கிராமமாக வந்தது. ஜெர்சியைக் குறை சொல்வது எளிது. ஆனால் கலப்பினப் பசு ஒன்றின் பால் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் தர்மபுரி மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து 'நீங்கள் ஏன் ஆலம்பாடி வளர்க்கவில்லை?' என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

காட்டு வழியும் சுருங்கிக்கொண்டே வந்தது. முன்பு வனத்துறையிடம் கட்டணம் கட்டி மேய்ச்சல் சீட்டு வாங்கிக் காட்டுக்குள் மாடு ஓட்டலாம். வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் இந்தக் காடுகளுக்குள் தங்குவதே கஷ்டமாயிற்று. அந்தத் தேடல் 2004 அக்டோபரில் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே முடிந்தது. அக்கரையில் காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987இலேயே அமைந்துவிட்டது. இக்கரையில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் இரண்டு சரணாலயங்கள் வந்தன. யானைகளுக்கு இது நல்ல செய்தி, சந்தேகமில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்றாக்கியது. ஆனால் ஆலம்பாடி மேய்ந்த காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம்தானே!

மற்றொரு பக்கம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும், பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மேய்ப்பர்களின் வழக்கத்தையும் சமூக உரிமையாக ஏற்கிறது. ஒரு காகிதம் 'போகலாம்' என்கிறது. இன்னொரு காகிதம் 'கூடாது' என்கிறது. நடுவில் மாட்டை ஓட்டிக்கொண்டு நிற்கிறார் பட்டிக்காரர்.

ஒரு கணக்குப் போடுவோமா?

'அதனால் என்ன? நூறு மாடு மிஞ்சினால் போதாதா? அதைப் பெருக்கிக்கொள்ளலாமே' என்று தோன்றலாம். நோட்டை எடுங்கள்.

ஒரு மந்தையில் பசுக்கள் 100, பொலிகாளை 1. மொத்தம் 101. ஆனால் அடுத்த தலைமுறைக் கன்றுகள் எல்லாவற்றுக்கும் தகப்பன் ஒருவனே. ஆகவே மரபுக் கணக்கில் அது 101 அல்ல. விஞ்ஞானிகள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். காளைகளின் எண்ணிக்கையையும் பசுக்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 4 × 1 × 100 ÷ 101. விடை ஏறக்குறைய 4. பார்த்தீர்களா? நூற்றொரு மாடு என்பது கணக்கில் வெறும் நான்கு மாடு!

இப்போது காளைகளைப் பத்தாக்குங்கள். 4 × 10 × 100 ÷ 110. ஏறக்குறைய 36. பசு ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஆனால் மந்தை ஒன்பது மடங்கு 'பெரிதாகி'விட்டது.

இந்த எண் சிறியதானால் அண்ணன் தங்கை உறவுகளுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடக்கும். ஒன்றை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், ஒரு தலைமுறைக்கு உட்கலப்பு எவ்வளவு ஏறும் என்று தெரியும். எண் 4 என்றால் 12.5 சதவீதம். 36 என்றால் 1.4 சதவீதம். ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு அந்த எண் குறைந்தது 50 இருக்க வேண்டும். உட்கலப்பு ஏறினால் சினை பிடிப்பது குறையும், கன்றுகள் நலியும்.

ஒவ்வொரு பட்டிக்காரரும் தனக்குப் பிடித்த வேறு வேறு காளையை வைத்திருப்பதும், பட்டிக்குப் பட்டி காளையை மாற்றிக்கொள்வதும், காட்டில் மந்தைகள் கலப்பதும் ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா? சூத்திரம் தெரியாமலே அவர்கள் அந்த எண்ணைப் பெரிதாக வைத்திருந்தார்கள்.

குப்பிக்குள் அடங்காதது

உறை விந்தைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், பல்லாண்டுகள் சேமித்து வைக்கலாம். அவசியமான வேலை; கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் விந்து மட்டும் இருந்து பசு இல்லாமல் போனால்? வேறு இனப் பசுவுக்குச் செலுத்தினால் பிறக்கும் கன்றில் ஆலம்பாடி 50 சதவீதம். அதன் மகளுக்குச் செலுத்தினால் 75. பிறகு 87.5, அதன் பிறகு 93.75. ஒவ்வொரு தலைமுறைக்கும் மூன்று நான்கு ஆண்டு. நூறை எட்டவே எட்டாது.

இன்னொன்றும் உண்டு. எந்தச் செடியைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் கிடைக்கும், செந்நாய் வாடை அடித்தால் எப்படிக் கூடி நிற்பது என்பதையெல்லாம் கன்று தாயின் பின்னால் நடந்தே கற்கிறது. அது மரபணுவில் முழுதும் எழுதப்பட்டிருக்கவில்லை. தொழுவத்தில் பிறந்து கட்டுத்தறியில் வளர்ந்த ஆலம்பாடி, நிறத்தில் ஆலம்பாடியாக இருக்கும். அதைப் பங்குனி மாதத்துக் காட்டில் விட்டால் என்ன செய்யும்? விந்துக் குப்பியில் காட்டு வழி இல்லை.

இதை மைசூர் அரசர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். சிக்கதேவராஜ உடையார் காலத்தில் தொடங்கி, திப்பு சுல்தான் 'அமிர்த மகால்' என்று பெயர் வைத்த அரசாங்க மந்தைக்கென்றே 'காவல்' என்னும் மேய்ச்சல் நிலங்கள் நாடெங்கும் இருந்தன. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு காவல். 1860இல் ஆங்கிலேய அதிகாரிகள் செலவு மிச்சம் என்று மந்தையைக் கலைத்து விற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் தவறு தெரிந்து மறுபடி மந்தை சேர்த்தார்கள். மாட்டை மீட்டார்கள். பின்னாளில் காவல் நிலங்கள் வேறு வேறு வேலைகளுக்குப் போய்க் கரைந்தபோது அமிர்த மகாலும் கூடவே சுருங்கியது.

கடல் கடந்தும் ஒரு பாடம் இருக்கிறது. கென்யாவில் மாசாய் மக்கள் வளர்த்த சிவப்புச் செம்மறிக்கு வயிற்றுப் புழுக்களைத் தாங்கும் சக்தி இயல்பாகவே உண்டு. 1970களில் சீக்கிரம் எடை போடும் டார்ப்பர் இனத்தோடு அதைக் கலக்கத் தொடங்கினார்கள். கலப்பு ஆடு நன்றாகத்தான் வளர்ந்தது, மழையும் மருந்தும் இருந்தவரை. ஈரமான இடங்களில் புழு நோய் தாக்கியபோதுதான் பழைய சிவப்பு ஆட்டின் அருமை தெரிந்தது. அப்போது கலப்பில்லாத மந்தையைத் தேடி அலைய வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பக்கமும் மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு ஆடும் இருக்கின்றன. தர்மபுரி மாவட்டத்து மேட்டுக்காடுகளில் முள்ளையும் தழையையும் தின்று வாழும் இந்த ஆடுகளுக்குள் என்னென்ன திறமைகள் ஒளிந்திருக்கின்றனவோ! மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தோல் தொழிலில் நல்ல பெயர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது என்ன நடக்கிறது?

2017 தை மாதத்தில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடியபோது 'நாட்டு மாடு' என்ற சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. நல்லதுதான். ஆனால் மேய்ச்சல் நிலம் என்ற சொல் அவ்வளவாகக் காதில் விழவில்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பர்கூர் மலையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. ஆலம்பாடிக்கென்று தர்மபுரி மாவட்டத்திலேயே, காரிமங்கலம் பகுதியில் ஓர் ஆராய்ச்சி மையம் வந்திருக்கிறது. இனக்கூறு மாறாத மாடுகளைத் தேடிச் சேர்ப்பதும் பெருக்குவதும் அதன் வேலை. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய நிறுவனம் நாட்டின் இனங்களைப் பதிவு செய்கிறது. காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய நம் மாடுகள் அதில் இருக்கின்றன. மதுரையிலுள்ள 'சேவா' என்ற தொண்டு நிறுவனம் வேறொரு காரியம் செய்தது. இனத்தைக் காத்த மேய்ப்பர்களையே தேடிப் பிடித்து, மற்ற அமைப்புகளோடு சேர்ந்து அவர்களுக்கு விருது கொடுத்தது. காளைக்கு மாலை போடுவது நம் வழக்கம். காளையை வளர்த்தவருக்கு மாலை போட்டது புதுமை.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாடுகள் 19 கோடிக்கு மேல். அதற்கு முந்தைய 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்திருந்தன. கலப்பினமும் அயலினமும் ஏறக்குறைய 27 சதவீதம் கூடியிருந்தன. 1919 முதல் எத்தனையோ தடவை மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி எல்லாவற்றையும் எண்ணிவிட்டோம். மந்தையோடு இடம் மாறித் திரியும் மேய்ப்பர்கள் எத்தனை பேர் என்று எண்ணியதில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கணக்கெடுப்பில்தான் முதல் தடவையாக அவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான உலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது.

நீங்கள் பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்தவரா? அல்லது அங்கே உறவினர் இருக்கிறார்களா? அடுத்த விடுமுறையில் வயதான மாட்டுக்காரர் ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் மந்தை எந்தெந்த மாதம் எங்கே மேய்ந்தது, காளையைத் தேர்ந்தெடுக்க அவர் எதைப் பார்ப்பார், கோடையில் மாடு தின்ற தழைகள் எவை என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரிலேயே எழுதி வாருங்கள். காகிதத்தில் ஒரு வரைபடமும் போட்டு, மந்தை நடந்த வழியைக் கோடாக இழுத்து, நீர் குடித்த இடங்களுக்கு எல்லாம் ஒரு புள்ளி வையுங்கள்.